ஒளி அலையா, துகளா? ஆய்வு செய்து பார்ப்போருக்கான கேள்வி-பதில்

லேசர் பாயின்டரை வைத்து வீட்டில் செய்யும் ஆய்வு முதல், கல்லூரி ஆய்வகத்தில் ஒற்றை ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) எண்ணுவது வரை அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். ஒவ்வோர் ஆய்வும் எதைக் காட்டுகிறது என்பதோடு, எதைக் காட்டவில்லை என்பதையும் சொல்லியிருக்கிறோம். இந்தத் தலைப்பில் நிலவும் குழப்பத்தில் பாதி, இரண்டாவதைச் சொல்லாமல் விடுவதால் வருவதுதான்.

வீட்டிலேயே இரட்டைப் பிளவு ஆய்வைச் செய்ய என்னென்ன வேண்டும்?

1 மில்லிவாட் சிவப்பு லேசர் பாயின்டர், நுண்ணோக்கிக்கு வைக்கும் கண்ணாடி ஸ்லைடு, இருபக்கமும் கூருள்ள சவர பிளேடு இரண்டு, மெழுகுவர்த்தி, இருட்டாக்கக்கூடிய அறை, 2 மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைச் சுவர். இவ்வளவுதான்.

ஸ்லைடின் ஒரு பக்கத்தைச் சுடருக்கு மேல் அசைத்துக்கொண்டே காட்டினால் கரி படியும். ஒரே இடத்தில் பிடித்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். ஆறியதும் டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவாத அளவுக்குக் கருத்திருக்க வேண்டும். பிறகு இரண்டு பிளேடுகளையும் முனை சமமாக இருக்கும்படி ஒட்டிப் பிடித்து, ஸ்கேல் ஓரமாக, அழுத்தாமல் ஒரே இழுப்பில் கோடு போடுங்கள். இப்படிப்பட்ட பிளேடின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. அதுவே இரண்டு பிளவுகளுக்கும் இடையிலுள்ள தூரம். நாலைந்து ஜோடிக் கோடுகள் போட்டு, நன்றாக வந்ததை வைத்துக்கொள்வது நல்லது.

பாயின்டரை ஒரு துணி கிளிப்பால் கவ்வி மேசைமேல் நிறுத்துங்கள். கிளிப்பே பொத்தானையும் அழுத்திக்கொள்ளும். ஸ்லைடை 10 அல்லது 20 செ.மீ. தள்ளிக் களிமண்ணில் செருகி நிறுத்துங்கள். சுவரில் வெளிச்சமும் இருளும் மாறி மாறிப் பட்டைகளாகத் தெரியும். பட்டை அகலம் என்பது அலைநீளத்தையும் சுவர்த் தூரத்தையும் பெருக்கி, பிளவு இடைவெளியால் வகுத்தால் கிடைப்பது. 650 நானோமீட்டர், 2 மீட்டர், 0.1 மி.மீ. என்று போட்டால் 13 மி.மீ. வரும். கடையில் வாங்கும் 0.25 மி.மீ. இடைவெளிப் பிளவாக இருந்தால் 5.2 மி.மீ.

ஒற்றைப் பட்டையை அளக்காதீர்கள். தெரியும் பட்டைகள் முழுவதையும் சேர்த்து அளந்து, எண்ணிக்கையால் வகுங்கள். பாயின்டர்மேல் பெரும்பாலும் 630 முதல் 680 வரை என்றுதான் அச்சிட்டிருக்கும். பிளேடின் தடிமனும் துல்லியமாகத் தெரியாது. ஆகவே இந்த அமைப்பில் அலைநீளத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று மூன்று இலக்கத்தில் எழுதுவதற்கு அர்த்தமில்லை.

எல்லாம் செய்தும் பட்டை தெரியவில்லை. எங்கே பிசகியிருக்கும்?

பெரும்பாலும் பிளவுகள் அகலமாகிவிட்டிருக்கும். ஒவ்வொரு பிளவும் தனியாக ஒரு விளிம்பு விளைவு (குறுகிய வழியில் நுழைந்த ஒளி விரிந்து பரவுவது) வடிவத்தைத் தருகிறது. பட்டைகள் அந்த வடிவத்துக்குள் மட்டுமே தெரியும். பிளவின் அகலம் இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு என்றால், நடு வெளிச்சத்துக்குள் 9 பட்டைகள் இருக்கும். ஐந்தாவது வரிசைப் பட்டை விழ வேண்டிய இடம் இருண்டுபோகும். பாதி அகலம் என்றால் 3 பட்டைதான். இரண்டு கோடுகளும் ஒன்றாகிவிட்டால் பட்டையே கிடையாது, ஒற்றைப் பிளவின் மங்கல் வடிவம் மட்டும் மிஞ்சும். பிளேடை அழுத்தி இழுத்தால் நடப்பது இதுதான்.

அடுத்தது, லேசர்க் கற்றை ஒரு பிளவின்மேல் மட்டும் விழுவது. பாயின்டரைத் தலைமுடி அளவு நகர்த்தினாலும் படம் மாறும். சுவரைப் பார்த்துக்கொண்டே மெல்ல நகர்த்திப் பட்டைகள் இருபுறமும் சமமாக வரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். பட்டைகள் தெரிந்தும் இருண்ட இடங்கள் முழுதாக இருளவில்லையென்றால், ஒரு கோடு மற்றதைவிட அகலம் என்று அர்த்தம். அல்லது கரி மெலிதாக இருந்து நேர்க்கற்றை கசிகிறது.

கண் பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். லேசரின் பாதையில் ஸ்டீல் ஸ்கேல், மோதிரம், கைக்கடிகாரம் எதுவும் குறுக்கே வரக்கூடாது. மலிவான பச்சைப் பாயின்டரைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே அகச்சிவப்பு லேசர் இருக்கிறது; வடிகட்டி சரியில்லாதவற்றில் 808, 1064 நானோமீட்டர் ஒளி வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாததால் இமைகூட மூடாது.

லேசருக்குக் குறுக்கே ஒரு தலைமுடியை நீட்டினாலே பட்டை வருகிறதே, அதுவும் இதே ஆய்வுதானா?

நெருங்கிய உறவு. தாமஸ் யங் 1803-இல் ராயல் சொசைட்டியில் விவரித்ததே ஏறக்குறைய இதுதான்: ஜன்னல் துளை வழியே வந்த சூரியக் கற்றைக்கு நடுவே, அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைத் துண்டை விளிம்பு காட்டி நிறுத்தினார். இரண்டு பக்கமும் சுற்றி வந்த ஒளி நிழலுக்குள் பட்டைகள் போட்டது. ஒரு பக்கத்தை மறைத்ததும் அவை போய்விட்டன.

70 மைக்ரான் தடிமனுள்ள முடி, 2 மீட்டரில் ஏறத்தாழ 18.6 மி.மீ. இடைவெளியில் இருண்ட புள்ளிகளைத் தரும். முடியின் தடிமனை அளக்க இதைவிடச் சுலபமான வழி வீட்டில் கிடையாது.

அப்படியானால் ஒளி அலையும்தான், துகளும்தான் என்று நிரூபித்துவிட்டோமா?

இல்லை. அலை என்ற பாதியை மட்டும் காட்டியிருக்கிறீர்கள். 1 மில்லிவாட் சிவப்பு லேசர் நொடிக்கு ஏறத்தாழ 3,300 லட்சம் கோடி ஃபோட்டான்களை அனுப்புகிறது. கற்றையின் ஒவ்வொரு மீட்டரிலும் எந்த நேரத்திலும் ஒரு கோடிக்கு மேல் இருக்கும். இந்தக் கூட்டத்தில் தனித்தனி ஃபோட்டான் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. 19-ஆம் நூற்றாண்டின் அலைக்கொள்கையே எல்லாவற்றையும் விளக்கிவிடும்.

லேசரை மங்கலாக்கினால் ஒரு நேரத்தில் ஒரு ஃபோட்டான்தானே போகும்?

சராசரியாக அப்படி ஆக்கலாம். மேலே சொன்ன கற்றையை 100 கோடியில் ஒரு பங்காகக் குறைத்தால் நொடிக்கு 33 லட்சம் ஃபோட்டான்கள் மிஞ்சும். ஒரு மீட்டரைக் கடக்க ஒளிக்கு 3.3 நானோ வினாடி ஆகிறது. எனவே அந்த ஒரு மீட்டர் நீளத்தில் சராசரியாக 0.011 ஃபோட்டான் இருக்கும். அந்த நீளம் பெரும்பாலும் காலி. இதற்கு மங்கல் வடிகட்டிகளை அடுக்க வேண்டும்: ஓ.டி. 3 என்று குறித்தது ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும்; அப்படி மூன்று வைத்தால் ஓ.டி. 9. அவற்றைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள், இல்லையென்றால் ஒன்றுக்கொன்று எதிரொளித்துப் போலிப் பட்டைகளைத் தரும்.

1909-இல் கேம்பிரிட்ஜில் ஜி. ஐ. டெய்லர் செய்தது இதன் முன்னோடி. எரிவாயுச் சுடரைப் புகை படிந்த கண்ணாடிகளால் மங்கலாக்கி, ஊசியின் நிழலைப் புகைப்படத் தகட்டில் பதிந்தார். மிக நீண்ட பதிவு ஏறத்தாழ 2,000 மணி நேரம் எடுத்தது. பட்டைகளின் கூர்மை கொஞ்சமும் குறையவில்லை.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. லேசரை எவ்வளவு மங்கலாக்கினாலும் ஃபோட்டான்கள் வரிசையில் ஒவ்வொன்றாக வருவதில்லை, ஒழுங்கின்றித் தற்செயலாக வருகின்றன. சராசரி 0.1 உள்ள துடிப்புகளை எடுத்துக்கொண்டால், காலியில்லாத துடிப்புகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டில் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். மேலும், டிடெக்டர் 'டிக்' 'டிக்' என்று ஒலிப்பதை வைத்தே ஒளி துகள் என்று முடிவுகட்ட முடியாது. ஒளியைத் தொடர் அலையாகவே வைத்துக்கொண்டு, டிடெக்டரின் அணுக்களை மட்டும் குவாண்டம் விதிப்படி நடத்தினாலும் அதே டிக்குகள் கிடைக்கும்.

ஒளிமின் விளைவே ஃபோட்டானுக்குச் சான்று என்று பாடத்தில் படித்தோமே?

ஐன்ஸ்டீன் 1905-இல் அந்த விளக்கத்தைக் கொடுத்தார். மில்லிகன் 1916-இல் வெளியிட்ட அளவீடுகள் அவருடைய சமன்பாட்டை உறுதிசெய்தன. வரலாற்றில் அதன் இடம் பெரியது. கறாராகப் பார்த்தால் அது போதாது. 1969-இல் வில்லிஸ் லாம்பும் மார்லன் ஸ்கல்லியும், ஒளியைப் பழைய அலையாகவும் உலோகத்தை மட்டும் குவாண்டமாகவும் வைத்து அதே சமன்பாட்டைப் பெற்றுக் காட்டினார்கள். பள்ளித் தேர்வில் இதை எழுத வேண்டாம்; மதிப்பெண் போய்விடும்.

பின்னே எதுதான் சான்று?

பாதி எதிரொளித்துப் பாதி கடத்தும் பீம் ஸ்ப்ளிட்டரில் ஒளியை விட்டு, இரண்டு பக்கமும் டிடெக்டர் வைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் டிக் அடிக்கின்றனவா என்று எண்ணுவது. அலை என்றால் இரண்டாகப் பிரியும்; எப்போதாவது இரண்டும் சேர்ந்து அடித்தே தீர வேண்டும், அதற்கு ஒரு குறைந்தபட்ச அளவும் உண்டு. பிரிக்க முடியாத துகள் என்றால் ஏதாவது ஒரு பக்கம்தான்.

1986-இல் பிரான்சின் ஓர்சேயில் ஃபிலிப் கிராஞ்சியே, ஜெரார் ரோஜே, அலென் ஆஸ்பே மூவரும் இதைச் செய்தார்கள். கால்சியம் அணு அடுத்தடுத்து இரண்டு ஃபோட்டான்களை விடுகிறது. 551.3 நானோமீட்டரில் வரும் முதலாவது, 'இதோ அடுத்தது வருகிறது' என்று அறிவிக்கும் மணி. அது அடித்தபின் 9 நானோ வினாடி மட்டும் கதவைத் திறந்து, 422.7 நானோமீட்டரில் வரும் இரண்டாவதை ஸ்ப்ளிட்டரில் விட்டார்கள். இரண்டும் சேர்ந்து அடித்த எண்ணிக்கையை, அலைக்கொள்கை சொல்லும் குறைந்தபட்ச அளவால் வகுத்தார்கள். அலை என்றால் 1-க்குக் குறையக் கூடாத அந்த விகிதம் 0.18 என்று வந்தது. மங்கலாக்கிய எல்.இ.டி. துடிப்புகளை அதே கருவியில் விட்டபோது விகிதம் 1-ஐ ஒட்டியே நின்றது. மங்கல் ஒளியும் ஒற்றை ஃபோட்டானும் ஒன்றல்ல என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பிறகு அதே கால்சியம் ஃபோட்டான்களை இரண்டு வழிகளையும் சேர்க்கும் குறுக்கீட்டுமானியில் விட்டார்கள். பட்டைகள் 98 விழுக்காட்டுக்கு மேல் தெளிவாக வந்தன. அலை-துகள் இருமை என்று நேர்மையாகச் சொல்ல, ஒரே ஒளிமூலத்தில் இந்த இரண்டு அளவீடுகளும் வேண்டும்.

இதைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்ய முடியுமா?

முடியும். 2004-இல் அமெரிக்காவின் விட்மன் கல்லூரியில் இளநிலை மாணவர்களுக்கான அமைப்பிலேயே இந்த விகிதம் 0.0177 என்று கிடைத்தது.

வழக்கமான அமைப்பு இது: 405 நானோமீட்டர் ஊதா லேசர் பி.பி.ஓ. (பேரியம் போரேட்) படிகத்தில் விழுகிறது. கோடிக்கணக்கான ஃபோட்டான்களில் எப்போதோ ஒன்று, 810 நானோமீட்டர் ஃபோட்டான்கள் இரண்டாக உடைகிறது. படிகம் வெட்டப்பட்ட கோணம் 29 டிகிரியை ஒட்டி இருந்தால், இரண்டும் நடுக்கோட்டிலிருந்து 3 டிகிரி வீதம் எதிரெதிர்ப் பக்கம் போகும். ஒன்று அறிவிப்பு மணி, மற்றது ஸ்ப்ளிட்டருக்கு. ஆக மொத்தம் மூன்று டிடெக்டர்கள், அவற்றின் துடிப்புகளை ஒப்பிட்டு எண்ணும் ஒரு மின்னணுப் பலகை.

கணக்கு எளிது. மணி நொடிக்கு 1,00,000 முறை, மணியும் இடப்பக்கமும் சேர்ந்து 4,000, மணியும் வலப்பக்கமும் சேர்ந்து 4,000 என்று வைத்துக்கொள்வோம். அலையாக இருந்தால் மூன்றும் சேர்ந்து அடிப்பது நொடிக்கு 160-க்குக் குறையாது. நீங்கள் 3 மட்டுமே எண்ணினால் விகிதம் 0.019.

கெடுப்பவை பல. சீரமைப்புதான் முதல் தலைவலி. 810 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. தேடிப் பிடிக்க நாளாகும். ஒளியிழையின் டிடெக்டர் முனையைக் கழற்றி, அதற்குள் சிவப்பு லேசரைப் பின்னோக்கி விட்டு, அந்தப் புள்ளி படிகத்தின் நடுவில் விழும்படி முதலில் திருத்துங்கள். டிடெக்டரை மறுபடி மாட்டும்போது மின்சாரம் அணைந்திருக்கட்டும். அறை விளக்கு மட்டுமில்லை, கருவிகளின் முகப்பில் மினுங்கும் சின்ன எல்.இ.டி.கள்கூட எண்ணிக்கையை ஏற்றும். கறுப்பு டேப் ஒட்டி மூடிவிடுங்கள்.

தற்செயல் சேர்க்கையைக் கழிக்க மறக்கக் கூடாது. இரண்டு டிடெக்டர்கள் நொடிக்கு ஒரு லட்சம் வீதம் அடிக்கின்றன, ஒன்றாகக் கருதும் நேர இடைவெளி 10 நானோ வினாடி என்றால், ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத ஜோடிகள் மட்டும் நொடிக்கு 100 வரும். லேசரின் திறனை ஏற்றினால் எண்ணிக்கை கூடும், விகிதம் மோசமாகும். பொறுமையாகக் குறைந்த திறனில் அதிக நேரம் எண்ணுவதே மேல்.

குறுக்கீட்டுப் பகுதியில் 10 நானோமீட்டர் அகலமுள்ள வடிகட்டி வைத்தால் ஒளியின் ஓரியல் நீளம் (அலை சீராகத் தொடரும் தூரம்) ஏறத்தாழ 65 மைக்ரான்தான். இரண்டு பாதைகளும் அந்த அளவுக்குள் சமமாக இல்லாவிட்டால் பட்டை எங்கேயும் கிடைக்காது. லேசர் வைத்துப் பட்டை கண்டவுடன் வேலை முடிந்ததாக நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

'பார்த்தால் பட்டை மறைந்துவிடும்' என்கிறார்களே, பிளவுக்குப் பக்கத்தில் கேமரா வைத்தால் போதுமா?

யூடியூப் அனிமேஷனில் கண் வரைந்த கேமரா ஒன்று வரும். அப்படி ஒரு கருவி கிடையாது. பறந்துபோகும் ஃபோட்டானை ஓரமாக நின்று பார்க்க முடியாது. கேமராவுக்குள் வந்தால்தான் பதிவு, வந்தால் அது சுவருக்குப் போகாது. மனிதர் பார்க்கிறாரா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. எந்த வழியாக வந்தது என்ற தகவல் ஒளியிலோ சுற்றியுள்ள பொருளிலோ எங்கேயாவது பதிந்துவிட்டால், யாரும் அதைப் படிக்காவிட்டாலும் பட்டை போய்விடும்.

அதுவும் ஒரேயடியாகப் போவதில்லை. பிளவுகளுக்கு ஒவ்வொன்றாகப் போலராய்டு (ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடு) வைத்து, அவற்றின் அச்சுகளுக்கு இடையே 60 டிகிரி விட்டால் பட்டைத் தெளிவு 0.5, வழியறியும் அளவு (எந்தப் பிளவு வழியாக வந்தது என்று எவ்வளவு தூரம் சொல்ல முடியும் என்பது) 0.87. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால் 1. கூட்டல் 1-ஐத் தாண்டாது என்ற விதியைப் பொதுவான வடிவில் 1996-இல் பெர்ட்ஹோல்ட்-கெயோர்க் எங்லர்ட் நிறுவினார். அலையா, துகளா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியாக இதைக் கேட்பதைவிட, இந்த வரம்பை அளப்பது பயனுள்ளது.

'குவாண்டம் அழிப்பான்' ஆய்வை வீட்டில் செய்யலாமா?

எந்த வழியாக வந்தது என்ற தகவலை அழித்து, மறைந்த பட்டையைத் திரும்பக் கொண்டுவருவதே இந்த ஆய்வு. செய்யலாம், செலவும் அதிகமில்லை. 0.1 மி.மீ. பிளவுகளில் தனித்தனியாகப் போலராய்டு ஒட்ட முடியாது என்பதால், பிளவுக்குப் பதிலாக 0.15 மி.மீ. கம்பி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு போலராய்டுத் துண்டுகளை அச்சு ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும்படி வெட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்து, அந்தச் சேர்க்கைமேல் கம்பியை ஒட்டுங்கள். போலராய்டைப் பழைய கால்குலேட்டர் திரையிலிருந்து உரித்தெடுக்கலாம். திரையரங்கின் 3டி கண்ணாடியைப் பயன்படுத்தினால் கவனம்: அது வட்டத் தளவிளைவுக்கானது (ஒளியின் அதிர்வுத் திசை சுழலும் வகை), ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே சாதாரணப் போலராய்டு போல நடக்கும்.

லேசரைக் கம்பிமேல் விட்டால் பட்டைகள் இல்லாமல் மழுங்கிய வெளிச்சம் தெரியும். இப்போது மூன்றாவது போலராய்டை 45 டிகிரியில் வைத்துப் பாருங்கள், பட்டைகள் திரும்பிவிடும். எதிர்ப்பக்கம் 45 டிகிரிக்குத் திருப்பினால் வெளிச்சமும் இருளும் இடம் மாறிக்கொள்ளும். இந்த இரண்டு படங்களையும் கூட்டினால் பட்டையில்லாத பழைய வெளிச்சமே வரும் என்பதை மனத்தில் வையுங்கள், அடுத்த கேள்விக்கு வேண்டும்.

பலர் தோற்பது ஓர் இடத்தில்தான். டயோடு லேசர் ஏற்கெனவே ஒரே தளத்தில் அதிர்கிறது. அது ஒரு போலராய்டின் அச்சோடு ஒத்துப்போனால் மறுபாதி முழுதும் இருண்டுவிடும். பாயின்டரை அதன் அச்சிலேயே சுழற்றி, இரண்டு பாதியும் சமமாக ஒளிரும் கோணத்தில் நிறுத்துங்கள்.

பெயர் பெரிதாக இருந்தாலும், லேசரை வைத்துச் செய்யும்போது இதில் குவாண்டம் என்று தனியாக எதுவுமில்லை. செங்குத்தான இரண்டு தளவிளைவுகள் குறுக்கிடாது என்ற பழைய ஒளியியல் பாடமே போதும்.

தாமதத் தேர்வு ஆய்வில் நிகழ்காலம் கடந்த காலத்தை மாற்றுகிறதா?

இல்லை. வழியை அறிவதா, பட்டையைப் பார்ப்பதா என்பதை ஃபோட்டான் கிளம்பிய பிறகு முடிவுசெய்வதே தாமதத் தேர்வு. 2000-ஆம் ஆண்டில் வெளியான, யூன்-ஹோ கிம் குழுவின் ஆய்வை வைத்துத்தான் இந்தப் பேச்சு பரவியது. 351.1 நானோமீட்டர் லேசர் படிகத்தில் 702.2 நானோமீட்டர் ஜோடிகளை உண்டாக்குகிறது. ஜோடியில் ஒன்று உடனே டிடெக்டரை அடைகிறது. மற்றது ஏறத்தாழ 8 நானோ வினாடி கழித்து, வழியைக் காட்டும் டிடெக்டருக்கோ வழித்தகவலை அழிக்கும் டிடெக்டருக்கோ போகிறது. அழிக்கும் வகையோடு சேர்ந்தவற்றை மட்டும் பொறுக்கியெடுத்தால் பட்டை தெரிகிறது.

சொல்லாமல் விடுவது இது: முதல் டிடெக்டரின் மொத்தப் பதிவில் எப்போதுமே பட்டை கிடையாது. அழிக்கும் டிடெக்டர்கள் இரண்டு. ஒன்று பட்டையையும் மற்றது இடம் மாறிய பட்டையையும் தருகிறது, கூட்டினால் சமமாகிவிடுகிறது. இரண்டாவது ஃபோட்டானின் பட்டியல் கையில் வராமல் முதல் பட்டியலைப் பிரிக்கவே முடியாது. எனவே முன்கூட்டித் தகவல் அனுப்பவும் வழியில்லை.

இயற்பியலாளர் ஜான் வீலர் முன்வைத்த அசல் தாமதத் தேர்வை, 2007-இல் பிரான்சின் காஷானில் வைரத்திலுள்ள ஒற்றை நிறமையத்தின் (ஒளியை உமிழும் படிகக் குறைபாட்டின்) ஃபோட்டான்களை வைத்துச் செய்தார்கள். குறுக்கீட்டுமானியின் நீளம் 48 மீட்டர். ஒளி கடக்க 160 நானோ வினாடி. அதற்குள் கடைசி ஸ்ப்ளிட்டர் இருக்குமா, இல்லையா என்பதைத் தற்செயல் முறையில் ஒரு கருவி முடிவுசெய்தது. இருந்தால் பட்டை, இல்லாவிட்டால் ஒற்றை வழி. குவாண்டம் கணக்கு சொன்னது போலவே வந்தது. 'ஃபோட்டான் முன்பே முடிவெடுத்துவிட்டது' என்ற படம்தான் இடிக்கிறது, காலம் இடிக்கவில்லை.

இருண்ட பட்டையில் விழ வேண்டிய ஆற்றல் எங்கே போகிறது?

வெளிச்சப் பட்டைக்கு. ஒரு பிளவு தரும் செறிவைப் போல அங்கே 4 மடங்கு இருக்கும், 2 மடங்கு அல்ல. சராசரி எடுத்தால் கணக்கு நேராகிவிடும்.

இரண்டு தனித்தனி லேசர்களை வைத்துப் பட்டை வரவழைக்கலாமா?

பாயின்டர்களை வைத்து முடியாது. இரண்டு அலைகளின் கட்டம் (ஏற்ற இறக்கம் ஒத்துப்போகும் நிலை) மிக வேகமாக மாறுவதால் பட்டைகள் ஓடி மங்கிவிடும். மிகக் குறுகிய நேரம் மட்டும் பார்த்தால் தெரியும். ஃப்ளீகரும் மேண்டலும் 1967-இல் இரண்டு தனி லேசர்களை மிகவும் மங்கலாக்கியே இதைக் காட்டினார்கள்.

மூன்று பிளவு வைத்தால் புதிதாக ஏதாவது வருமா?

குவாண்டம் விதிப்படி, மூன்று பிளவின் வடிவம் முழுவதும் இரண்டிரண்டு ஜோடிகளின் குறுக்கீடாகப் பிரிந்துவிட வேண்டும். மூன்றும் சேர்ந்தால் மட்டும் வரும் தனிப் பங்கு கூடாது. உர்பசி சின்ஹாவும் சக ஆய்வாளர்களும் கனடாவின் வாட்டர்லூவில் இதைச் சோதித்து 2010-இல் வெளியிட்டார்கள்: அப்படிப் பங்கு ஏதும் இருந்தால் அது சாதாரணக் குறுக்கீட்டில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அவர் பின்னர் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒற்றை ஃபோட்டான் ஆய்வகத்தை நடத்தத் தொடங்கினார்.

பட்டைகளைக் கைபேசியில் படமெடுத்து அளவெடுக்கலாமா?

இடைவெளியை அளக்கத் தாராளமாகச் செய்யலாம். சுவரில் வரைபடத்தாளை ஒட்டி, பட்டைகள் அதன்மேல் விழும்படி வைத்து, நேராக நின்று எடுங்கள். லேசரைக் கேமராவுக்குள் நேரடியாக விடாதீர்கள், சென்சாரில் புள்ளி விழுந்துவிடும்.

பட்டைத் தெளிவை அளக்க இன்னும் கவனம் வேண்டும். மிகுந்த செறிவிலிருந்து குறைந்த செறிவைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுப்பது தெளிவு. நடுப்பட்டை வெளுத்துப்போய் படத்தின் உச்ச மதிப்பான 255-இல் முட்டி நின்றால் அந்தப் படம் உதவாது; வெளிச்ச அளவைப் பூட்டி, முட்டாத வரை குறையுங்கள். சாதாரண ஜே.பி.ஜி. படத்தில் பதிவான மதிப்பும் ஒளியின் செறிவும் நேர்விகிதத்தில் இருப்பதில்லை, ஆகவே 'ரா' வடிவில் எடுங்கள். லேசரை அணைத்துவிட்டு அதே அமைப்பில் ஒரு படம் எடுத்து அதன் மதிப்பைக் கழித்துக்கொள்ளுங்கள். கழிக்காவிட்டால் நல்ல பிளவுக்கும் தெளிவு குறைவாகத்தான் வரும்.